எல்லா மெஷின்லயும் ஓடும்

தம்பி, லேப்டாப்பை இப்ப மூடிடாதீங்க. ஆமாங்க, அந்தப் பச்சைக் கோடு முழுசாப் போய்ச் சேரட்டும். பாதியில நிறுத்தினீங்கன்னா பழசும் ஓடாது, புதுசும் ஓடாது. அப்புறம் ரெண்டையும் கழட்டிப் போட்டுட்டு முதல்லருந்து வரணும். ஜாவா ரன்டைம்தானுங்களே போடுறீங்க? தப்பா நெனச்சுக்காதீங்க, பஸ்சுல பக்கத்து சீட்டுல உக்காந்தா கண்ணு தானாப் போயிருது. இருபது வருசத்துக்கு மேல எனக்கு அதுதானுங்களே சோலி.

என் பேரு செங்கோட்டுவேல். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல லேப் இன்சார்ஜா இருந்தேன். இருந்தேன்னுதான் சொல்லோணும். இப்பக் கோயமுத்தூர்ல ஒரு காலேஜுல இன்டர்வியூவுக்குக் கூப்புட்டிருக்காங்க. அம்பது வயசுக்கு மேல இன்டர்வியூ! பழைய எடத்தை ஏன் உட்டீங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்றதுன்னு ரோசனை பண்ணிக்கிட்டே வர்றேன். உங்ககிட்டச் சொல்றனுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, இதுல என் தப்பு எங்க இருக்குதுன்னு.

புரோகிராமை ஜாவாவுல ஒருக்கா எழுதினாப் போதும், எல்லா மெஷின்லயும் ஓடும்பாங்க. கிளாஸ்ல அப்படித்தான் சொல்லித் தருவாங்க. ஓடுமுங்க, நான் இல்லைங்கல. ஆனா அடியில அதைத் தாங்கி ஓட்டறதுக்கு ரன்டைம்னு ஒண்ணு இருந்தாத்தான் ஓடும். அதை யாரு போடுறது? அந்த நாயத்தை மட்டும் எந்த வாத்தியாரும் கிளாஸ்ல பேசறதில்ல. செங்கோட்டுவேல் போடுவான். போட்டு வெப்பான். அவங்க வந்து சொகுசா உக்காந்து ஓட்டிட்டுப் போயிருவாங்க.

போன வருசம் பெங்களூர்க் கம்பெனி ஒண்ணு எங்க காலேஜுக்கு ஆள் எடுக்க வந்துச்சு. பெரிய கம்பெனி. அந்த மாதிரி ஆளுங்க அதுக்கு முன்னாடி எங்க கேட்டுக்குள்ள காலே வெச்சதில்ல. பூங்கோதைன்னு ஒரு மேடம், பிளேஸ்மென்ட்டைப் பாக்கறவங்க, அவங்கதான் போய்ப் போய்ப் பேசிக் கூட்டியாந்தாங்க. அதையே எல்லாரும் பெருசாப் பேசுனாங்க. பஸ் ஏறிப் பெங்களூர் போறதுல என்னங்க பெருசு இருக்குது? அந்தப் பூங்கோதை யாரு தெரியுமுங்களா? என் லேப்ல படிச்ச புள்ள. மவுஸ் எப்படிப் புடிக்கறதுன்னு நான் சொல்லிக் குடுத்த புள்ள. மேல படிச்சுட்டு வந்து, டாக்டர் பட்டம் வாங்கி, எனக்கு மேல உக்காந்துக்கிச்சு. எங்கிட்ட டிப்ளமாதானுங்களே இருக்குது. சிஸ்டம்ஸ் ஹெட்டுன்னு ஒரு பதவி புதுசா உண்டு பண்ணாங்க. எனக்குத்தான்னு எல்லாரும் சொன்னாங்க. அதையும் அந்தம்மாவுக்கே குடுத்துட்டாங்க. போச்சாது போங்க. எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. நான் சும்மா சொல்றேன்.

கம்பெனிக்காரங்க பரீட்சையை அவங்க புரோகிராம்லதான் எழுதோணும். அது ஓடறதுக்கு இன்ன வெர்ஷன் ரன்டைம் வேணும்னு சொல்லி அனுப்பிச்சிருந்தாங்க. கடைசி வருசப் புள்ளைங்க அத்தனை பேரும் ஒரே நேரத்துல எழுதறதுன்னா ஒரு லேப் போதாது. மூணு ரூமும் வேணும். மூணும் மூணு விதமுங்க. ஒண்ணு விண்டோஸ். ஒண்ணு லினக்ஸ், பழைய மெஷினுங்க, விண்டோஸ் தாங்காதுன்னு நான்தான் உபுண்டு போட்டு உசுரு குடுத்து வெச்சிருந்தேன். இன்னொண்ணு கடைசி ரூம், மேக். எங்க சேர்மன் பையன், சின்னவருன்னு சொல்லுவோம், அவரு வெளிநாட்டுல படிச்சுட்டு வந்து வாங்கிப் போட்டது. யாராச்சும் பெரிய மனுசங்க வந்தா உறையைக் கழட்டிக் காட்டுவாங்க, போனதும் மூடிருவாங்க.

விண்டோஸ்ல ரெண்டு தட்டுத் தட்டினாப் போதும்னு நெனப்பாங்க. உள்ள பழைய வெர்ஷன் ஒண்ணு குத்த வெச்சு உக்காந்திருக்குமுங்க. புதுசைப் போட்டாலும், ஜாவான்னு கூப்புட்டாப் பழசுதான் எந்திரிச்சு வரும். பாத்துன்னு, மெஷின் எதை முதல்ல தேடறதுங்கற வரிசை ஒண்ணு இருக்குது. அதுல பழசைத் தள்ளிப்போட்டுட்டுப் புதுசை முன்னாடி நிறுத்தோணும். ஒவ்வொரு மெஷின்லயும் நிறுத்தினேன். லினக்ஸ்ல ஒரு வரி அடிச்சாப் போதும்பாங்க. அந்த ஒரு வரி வெளிய போயி நெட்டுலருந்து எடுத்தாரணும். எங்க காலேஜுல நெட்டுக்கு ஆயிரத்தெட்டுத் தடுப்பு. நான் வீட்டுல எறக்கி, பென்டிரைவ்ல கொண்டாந்து போட்டேன். மேக்குல ரெண்டு ரகம். பழசுல ஒரு சிப்பு, புதுசுல வேற சிப்பு, அதுக்குண்டானதை அதுக்குப் போடணும். போட்டாலும், ‘இதை எழுதினவன் யாருன்னு எனக்குத் தெரியல, தொறக்க மாட்டேன்’னு வீம்பா நிக்கும். செட்டிங்ஸ்ல போயி, பரவால்ல தொறன்னு நாம ஜாமீன் குடுக்கோணும்.

இத்தனையும் ஒத்தை ஆளாப் பண்ணினேன். ஒவ்வொண்ணுலயும் ஓட்டிப் பாத்து, அப்புறந்தான் பூட்டுவேன். பூட்டறதுன்னா, யாரும் எதையும் மாத்த முடியாதபடி பாஸ்வேர்ட் போட்டு. அது என் மண்டைக்குள்ள மட்டுந்தான் இருக்கும். யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பூங்கோதை மேடம் வந்து கேட்டாங்க. “சார், அந்தப் பாஸ்வேர்டை இன்னும் ஒருத்தருக்காச்சும் சொல்லி வெச்சிருங்க சார். அன்னிக்குன்னு பார்த்து உங்களுக்கு ஒரு காய்ச்சல், தலைவலின்னா என்ன பண்றது?”

“எனக்குக் காய்ச்சல் வராதுங்க மேடம்”னு சொன்னேன்.

“அதுக்கில்ல சார், ஒரு பாதுகாப்புக்கு.”

“பாதுகாப்புக்குத்தான் மேடம் பாஸ்வேர்டே”ன்னேன்.

போயிட்டாங்க. சரியாத்தானுங்களே சொன்னேன்?

இப்ப கோகிலவாணியைப் பத்திச் சொல்லோணும். சங்ககிரிப் பக்கத்துப் புள்ள. அப்பா இல்ல. அம்மா தறி ஓட்டறவங்க. வீட்டுல கம்ப்யூட்டர் கெடையாதுங்க. அதனால காலேஜ் உட்டதும் லேப்ல வந்து உக்காந்து எதையாச்சும் அடிச்சுக்கிட்டே இருக்கும். நான் வேண்டாம்னு சொன்னதில்ல. மூடற நேரம் வந்தா எழுப்பிருவேன். ஒரு புரோகிராம் பாதியில நிக்குது சார், சித்த நேரம் குடுங்கன்னு கேக்கும். நேரம்னா நேரந்தானுங்களே, எழுப்பிருவேன். மத்தபடி எனக்கு அது மேல பாசம் உண்டு. அந்தக் கம்பெனிக்கு நம்ம காலேஜ்லருந்து ஒரே ஒரு ஆளு எடுத்தாலும் அது கோகிலவாணியாத்தான் இருக்கும்னு வாத்தியாருங்கல்லாம் பேசிக்குவாங்க. புள்ளையோட அம்மா தறிப்பட்டறையில சொல்லி வெச்சிருக்காங்களாம், என் மவ பெங்களூர் போனதும் நான் தறியை உட்டுருவேன்னு. இதெல்லாம் எனக்குப் பின்னாடி தெரிஞ்சதுங்க.

பரீட்சை அன்னிக்குக் காலையில ஆடிட்டோரியத்துல ஒரு விழா வெச்சாங்க. கம்பெனிக்காரங்களுக்குச் சால்வை, சேர்மன் பேச்சு, எல்லாம். நான் அதுக்கு முன்னாடியே வந்து மூணு ரூமையும் தொறந்து, மெஷின்களையெல்லாம் போட்டுட்டு, மேக்குங்களை மட்டும் உறை கழட்டிப் போடச் சொல்லி அட்டெண்டர்கிட்ட உட்டுட்டு, கடைசி வரிசையில போயி நின்னேன். உக்காரச் சொல்லி ஒருத்தரும் சொல்லல. நன்றியுரை பூங்கோதை மேடம். எல்லாரையும் சொன்னாங்க. சேர்மனைச் சொன்னாங்க, சின்னவரைச் சொன்னாங்க, டிபன் போட்ட மெஸ்காரரைச் சொன்னாங்க. மைக் செட்டுக்காரரைச் சொன்னாங்க தம்பி! மைக்கு நடுவுல ஒருக்கா கீச்சுன்னு வேற கத்துச்சு. அவருக்கும் கைத்தட்டு. என் பேரு வரும் வரும்னு பாத்துக்கிட்டே நிக்கறேன். நன்றி வணக்கம்னு முடிச்சுட்டாங்க.

எனக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. யாரும் தொரத்தல, நானாத்தான் வெளிய வந்தேன். ஒரு டீ குடிக்கலாம்னு ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற கடைக்குப் போயிட்டேன். ஒரு மனுசன் டீ குடிக்கக் கூடாதுங்களா? போனையும் எடுத்துட்டுத்தான் போனேன். சார்ஜ் இல்லாமப் போச்சு.

இங்க என்ன ஆயிருக்குதுன்னா, முந்தின நாளு சாயங்காலம் சின்னவரு கடைசி ரூமை வந்து பாத்திருக்காரு. ஒரு மேக்குல ஸ்கிரீன் மங்கலா இருக்குதுன்னு, அதைத் தூக்கிட்டுத் தன் ஆபீசுலருந்து புதுசு ஒண்ணை எறக்கி வெச்சுட்டாரு. வந்தவங்க முன்னாடி பளபளன்னு இருக்கோணுமே! அதுல பரீட்சைப் புரோகிராமை மட்டும் காப்பி பண்ணி வெச்சிருக்காரு, ரன்டைம் இருக்குமுங்களா? அது எப்படி இருக்கும்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. ஒருத்தரும் சொல்லல. அட்டெண்டர் சுப்ராயன் வந்து, ஆடிட்டோரியத்து வாசல்ல, “சார், கடைசி ரூம்ல ஒரு பொட்டி மாத்தியிருக்குதுங்க, நீங்க ஒருக்காப் பாத்துருங்க”ன்னான். அதெல்லாம் சொன்ன கணக்காயிருமா? அட்டெண்டர் சொல்றது ஒரு சொல்லுங்களா? சொல்ல வேண்டியவங்க சொல்லோணும். நான் அப்ப வெளிய வந்துட்டிருந்தேன், அவனைத் திரும்பிக் கூடப் பாக்கல.

அந்த மெஷின்லதான் கோகிலவாணிக்கு எடம் போட்டிருந்தாங்க. நம்பர் வரிசை அப்படி வந்துருச்சு. கெரகம்னுதான் சொல்லோணும்.

புள்ள உக்காந்து புரோகிராமைத் தொறந்திருக்குது. ரன்டைம் இல்லைன்னு ஒரு கட்டம் வந்து நின்னுருச்சு. மறுக்காத் தட்டியிருக்குது, மறுக்கா அதே கட்டம். கம்பெனி ரூல்ஸ் என்னன்னா, ஆரம்பிச்சுக் கால் மணி நேரத்துக்குள்ள உள்ள நுழையோணும், இல்லைன்னா அதுக்கு மேல எடுத்துக்காது. கையைத் தூக்கியிருக்குது. பூங்கோதை மேடம் ஓடியாந்தாங்க. பென்டிரைவ்ல ரன்டைமை எடுத்தாந்து போடப் பாத்திருக்காங்க. அது பாஸ்வேர்ட் கேக்குது. அது என் பாஸ்வேர்ட் இல்லீங்க தம்பி, அது சின்னவரோட மெஷின், அவரு பாஸ்வேர்ட். பின்னாடி சேர்மன்கிட்ட நான் அடிச்சுச் சொன்னது இதைத்தான். சின்னவரு கம்பெனிப் பெரியவங்களைக் கூட்டிக்கிட்டு மலைக்கோயிலுக்குப் போயிட்டாரு. அவரு போனும் எடுக்கல. அவரை யாரும் ஒண்ணும் கேக்கல பாத்துக்கோங்க.

சரி, அந்த மெஷின் இல்லைன்னா வேற மெஷின் இல்லையான்னு நீங்க கேப்பீங்க. இருந்துதுங்க! அதைத்தான் நான் எல்லாத்துகிட்டயும் சொல்றேன். லினக்ஸ் லேப்ல ரெண்டு மெஷினைத் தனியா எடுத்து வெச்சிருந்தேன். ரன்டைம் போட்டு, அவங்க புரோகிராமையும் ஓட்டிப் பாத்து, ரெடியா. எந்தக் காலேஜுல ஸ்பேர் வெப்பாங்க? நான் வெச்சேன். பூட்டித்தான் வெச்சிருந்தேன், பூட்டாம வெச்சா எவனாச்சும் கையை வெச்சுருவான். வந்து என்னைக் கேட்டிருந்தா ஒரு நிமிசத்துல தொறந்து குடுத்திருப்பேன்.

தேடியிருக்காங்க. தேடலைன்னு நான் சொல்லல. ஸ்டாஃப் ரூம்ல, கேன்டீன்ல, மாடியில, எல்லா எடத்துலயும். அணைச்சு வெச்சிருந்த போனை அப்புறமா ஆன் பண்ணினா, பூங்கோதை மேடம், ஆபீசு, பிரின்சிபால், சுப்ராயன்னு வரிசையா மிஸ்டு கால். சார்ஜ் கம்மியா இருந்ததுங்க, அதான் அணைச்சேன். தேடட்டுமேன்னு ஒரு நெனப்பும் இருந்திருக்கலாம். நன்றி சொல்ல நெனப்பு வராதவங்களுக்குத் தேடறப்பவாச்சும் நெனப்பு வரட்டுமே.

நான் உள்ள வந்தப்ப பரீட்சை பாதி ஓடியிருக்கும். வராந்தாவுல பூங்கோதை மேடம் கம்பெனிக்காரர் ஒருத்தர்கிட்ட அழுதுட்டிருக்காங்க. “ஒரே ஒரு பொண்ணு சார். நல்லாப் படிக்கற பொண்ணு. எங்க தப்புதான் சார் இது”ங்கறாங்க. அவரு, “புரியுது மேடம், ஆனா சிஸ்டம் எடுத்துக்காது. அடுத்த வருசம் பாக்கலாம்”ங்கறாரு. அடுத்த வருசம் கடைசி வருசப் புள்ளை எப்படி எழுதும்? அந்தப் புள்ள சுவத்தைப் பாத்துக்கிட்டு நிக்குது.

மேடம் என்னைப் பாத்ததும், “எங்க சார் போனீங்க?”ன்னாங்க. எல்லாத்துக்கும் முன்னாடி. குரலை ஒசத்தி. என்கிட்டப் படிச்ச புள்ள.

நேரா லினக்ஸ் லேப்புக்குப் போனேன். மேடமும் பின்னாடியே வந்தாங்க, கம்பெனிக்காரரும் வந்தாரு, கோகிலவாணியும் வந்துச்சு. ஸ்பேர் மெஷின் முன்னாடி உக்காந்து, பாஸ்வேர்டை அடிச்சு, புரோகிராமைத் தட்டினேன். டக்குன்னு தொறந்துச்சு. பரீட்சைப் பக்கம் அழகா வந்து நின்னுச்சு. ‘நுழைவு நேரம் முடிந்துவிட்டது’ன்னு இங்கிலீசுல போட்டிருந்துச்சு, அது வேற விசயம். “பாருங்க மேடம், ஓடுது. நான் போட்ட ரன்டைம் ஓடுது”ன்னேன்.

கம்பெனிக்காரரு என் மூஞ்சியவே பாத்தாரு. நிரூபிச்சுக் காட்டிட்டா ஆளுங்களுக்குப் புடிக்காதுங்க.

அப்புறம் என்ன? விசாரணைன்னு சேர்மன் கூப்புட்டாரு. சின்னவரு மெஷின் மாத்தினதைச் சொன்னேன். ரன்டைமைச் சொன்னேன், பாத்தைச் சொன்னேன், சிப்பைச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவரு, “அதெல்லாம் எனக்குப் புரியாது வேலு. நீ டீக்கடையில என்ன பண்ணிட்டிருந்தே?”ன்னாரு. இதுக்கு என்னங்க பதில் சொல்றது? டீக்கடையில டீதான் குடிப்பாங்க.

என்னை லேப்லருந்து தூக்கி, காலேஜ் பஸ்ஸுங்க எங்கெங்க போகுதுன்னு பாக்கற எடத்துல போட்டாங்க. ஷெட்டுக்குப் பக்கத்துல, டீசல் நாத்தத்துல. சரின்னு கொஞ்ச காலம் இருந்தேன்.

லேப்புக்கு யாரைப் போட்டாங்கன்னு கேளுங்க. கோகிலவாணியை! மத்த கம்பெனியெல்லாம் சரியா அமையலையாம், பூங்கோதை மேடம் சேர்மன்கிட்டப் பேசி லேப் வேலையில சேர்த்துவுட்டுட்டாங்க. இப்பச் சொல்லுங்க, அந்தப் புள்ளைக்கு என்ன நஷ்டம்? பெங்களூர் போயிருந்தா ஒண்டுக் குடித்தனத்துல கெடக்கோணும், ஓட்டல் சோறு. இப்ப சங்ககிரியிலருந்து காலேஜ் பஸ்சுல வருது, அம்மா கையால திங்குது. அம்மா இன்னும் தறிக்குப் போறாங்களாம், போனாப் போறாங்க. வேலை போச்சு வேலை போச்சுன்னு ஊரே என்னைத் திட்டுச்சு. வேலை போனது எனக்குங்க. என் நாற்காலியில உக்காந்திருக்கறது அது.

சேர்ந்த கையோட பஸ் ஷெட்டுக்கு வந்து, பாஸ்வேர்டெல்லாம் வேணும் சார்னு கேட்டுச்சு. மரியாதையாத்தான் கேட்டுச்சு. மறந்து போச்சும்மான்னு சொல்லிட்டேன்.

திரும்பிப் போயிருச்சு. அந்த லீவு பூராவும் ஒவ்வொரு மெஷினாத் தொடச்சு எடுத்து, விண்டோஸ் போட்டு, உபுண்டு போட்டு, ரன்டைம் போட்டு, முதல்லருந்து பண்ணியிருக்குது. வெட்டி வேலைதானுங்களே? அதோட உட்டுச்சா? ஒரு நாள் அந்தப் பக்கம் போறப்பப் பாத்தேன், போர்டுல எழுதிப் போட்டிருக்குது. விண்டோஸ்ல இப்படிப் போடணும், லினக்ஸ்ல இப்படி, மேக்குல இப்படின்னு, ஒண்ணு விடாம. முதல் வருசப் பசங்க அதைப் பாத்துத் தானாப் போட்டுக்கறாங்க. பாஸ்வேர்ட் நாலஞ்சு பேருக்குத் தெரியுமாம். சந்தைக்கடை மாதிரி ஆக்கி வெச்சிருக்குதுங்க.

அதுக்கு மேல அங்க இருக்க மனசு வரல. எழுதிக் குடுத்துட்டேன்.

கடைசி நாளு என் டிபன் டப்பா, ஸ்பேனர் செட்டு, சாமி படமெல்லாம் லேப் அலமாரியில இருந்துச்சு, எடுக்கலாம்னு போனேன். கோகிலவாணி எல்லாத்தையும் ஒரு அட்டைப் பெட்டியில அடுக்கி வெச்சிருந்துச்சு. சாமி படத்தை நியூஸ் பேப்பர்ல சுத்தி. எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன். பின்னாடியே வந்து, “சார், ஒண்ணு கேக்கட்டுமா?”ன்னுச்சு. எதோ சந்தேகம் கேக்கப் போவுதுன்னு நெனச்சேன். ரன்டைம் பத்தி எதாச்சும்.

“அன்னிக்கு நான்தான் சார் காலேஜ் மெயின் கேட் வரைக்கும் ஓடி வந்தேன்”னுச்சு. “லேப் வாசல்ல செருப்பைக் கழட்டிப் போட்டது, போடக்கூட நேரமில்லாம வெறுங்காலோட ஓடி வந்தேன். பரீட்சை நடக்குதுன்னு வாட்ச்மேன் வெளிய உடல. கம்பியைப் புடிச்சுக்கிட்டு, எதுத்த டீக்கடையில நின்ன உங்களைக் கூப்புட்டேன்.”

“ரோட்டுல லாரி போயிட்டிருந்துச்சும்மா. கேக்கல”ன்னேன்.

“இல்ல சார். நீங்க திரும்பி என்னைப் பாத்தீங்க. பாத்துட்டு, கடைக்காரர்கிட்ட இன்னொரு டீ சொன்னீங்க.”

அழுதுக்கிட்டுச் சொல்லல பாருங்க. கோவமாவும் சொல்லல. வெயில் அடிக்குதுங்கற மாதிரிச் சொல்லுது. அதுதான் எனக்கு ஆகல. என்கிட்டப் படிச்ச புள்ளை, என் லேப் வாசல்ல நின்னுக்கிட்டு, நடக்காத ஒண்ணை நடந்த மாதிரி அவ்வளவு தெளிவாச் சொன்னா, கேட்டுட்டுச் சும்மா போயிர முடியுமுங்களா? பெட்டியைக் கீழ வெச்சுட்டுச் சொன்னேன்.

“அது டீ இல்லம்மா, காபி”ன்னேன்.

உள்ள போயிருச்சு. தப்பாச் சொன்னதைத் திருத்தினா, சரிங்க சார்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க?